நோத்தர்பார்த்தொலோ: கணக்கு கேட்டதால் கொல்லப்பட்ட வங்கித் தலைவர்

இத்தாலியின் சிசிலித் தீவில், 1893ஆம் ஆண்டு பிப்ரவரி முதலாம் தேதி மாலை, பலேர்மோ நகரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவரது உடலில் 27 காயங்கள் இருந்தன. தெர்மினி இமெரேசே, திராபியா ஆகிய நிலையங்களுக்கு இடையே தாக்கப்பட்ட அவரது சடலம், ஓடும் ரயிலிலிருந்து வெளியே வீசப்பட்டது.

கொல்லப்பட்டவர் எமானுவேலே நோத்தர்பார்த்தொலோ. பலேர்மோவின் முன்னாள் மேயர். சிசிலி வங்கியின் தலைமை இயக்குநராக 14 ஆண்டுகள் பணியாற்றியவர். சிசிலி மாஃபியாவுக்குப் பலியான முதல் உயர் பிரமுகர் என்றே வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது.

ஆனால், இந்தக் கொலையின் வேர்கள் வங்கிப் பேரேடுகளில் இருந்தன. பொதுமக்களின் பணத்தைக் கையாளும் ஒரு நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டியவர்கள் யார், அந்தக் கண்காணிப்பாளர்களே கடன்காரர்களாகவும் பங்கு வர்த்தகத்தில் இலாபம் தேடுபவர்களாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விகளுக்கு அவரது வாழ்க்கை ஓர் ஆரம்பகாலச் சான்றாக அமைந்துள்ளது.

பிரபுக் குடும்பத்திலிருந்து பொது வாழ்வுக்கு

நோத்தர்பார்த்தொலோ 1834ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி பலேர்மோவில், சிசிலியின் பழமையான பிரபுக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தார். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். அப்போது சிசிலி, நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட பூர்போன் மன்னராட்சியின் கீழ் இருந்தது.

1857இல் தீவை விட்டு வெளியேறிய அவர், பாரிஸிலும் லண்டனிலும் தங்கினார். அங்கு, பூர்போன் ஆட்சியை எதிர்த்து நாடு கடந்து வாழ்ந்த சிசிலி அறிஞர்களுடனும் அரசியலாளர்களுடனும் பழகினார். இத்தாலி ஒரே நாடாக வேண்டும் என்ற எண்ணமும், அரசு நிர்வாகம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும் என்ற கருத்தும் அந்த ஆண்டுகளில்தான் அவரிடம் உறுதிப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1860இல் கரிபால்டியின் படைகள் சிசிலியை விடுவிக்கப் போரிட்டபோது அவரும் அதில் பங்கெடுத்தார்.

இத்தாலி ஒருங்கிணைந்த பின்னர் அவர் பலேர்மோ திரும்பி நகர நிர்வாகத்தில் ஈடுபட்டார். நகரின் பொது மருத்துவமனை நிர்வாகத்தைச் சீர்படுத்திய பிறகு, 1873 முதல் 1876 வரை மேயராகப் பதவி வகித்தார். பலேர்மோவின் புகழ்பெற்ற மாசிமோ அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, அவர் மேயராக இருந்த 1875ஆம் ஆண்டில்தான். நகருக்குள் வரும் பொருட்களுக்கான சுங்க வரி வசூலில் நடந்துவந்த முறைகேடுகளைத் தடுக்கவும் அவர் முயன்றார். பொது நிதி தொடர்பாக, ரஃபேலே பலிட்சோலோ என்ற உள்ளூர் அரசியல்வாதியுடன் அவருக்கு முதல் மோதல் ஏற்பட்டதும் இந்தக் காலத்தில்தான்.

அரசும் தனியாரும் கலந்த வங்கி முறை

1876இல் சிசிலி வங்கியின் தலைமை இயக்குநராக நோத்தர்பார்த்தொலோ நியமிக்கப்பட்டார். அந்தப் பதவியின் கனத்தைப் புரிந்துகொள்ள, அன்றைய இத்தாலியின் வங்கி அமைப்பைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது அவசியம்.

அன்று இத்தாலியில் ஒரே மத்திய வங்கி என்று எதுவும் இருக்கவில்லை. 1874ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆறு வங்கிகளுக்கு நாணயத்தாள் வெளியிடும் உரிமை இருந்தது. அவற்றில் நான்கு, தனியார் பங்குதாரர்களுக்குச் சொந்தமானவை. நேப்பிள்ஸ் வங்கியும் சிசிலி வங்கியும் மட்டும் பங்குதாரர்கள் இல்லாத பொது நிறுவனங்கள். ஒவ்வொரு வங்கியும் எவ்வளவு தாள் அச்சிடலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதனை மேற்பார்வை செய்யும் பொறுப்பு விவசாயம், தொழில், வணிகத்துக்கான அமைச்சகத்திடம் இருந்தது.

இதன்படி, சிசிலி வங்கி வைப்புப் பணத்தை மட்டுமன்றி, தீவின் மக்கள் அன்றாடம் கைமாற்றும் நாணயத்தாளின் நம்பகத்தையும் காக்க வேண்டியிருந்தது. நோத்தர்பார்த்தொலோ பொறுப்பேற்றபோது அந்த வங்கி ஆட்டம் கண்டிருந்தது. ட்ரினாக்ரியா என்ற பலேர்மோ கப்பல் நிறுவனம் அதே 1876இல் நொடித்துப்போனது. அந்நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த கடன் வங்கிக்குப் பெரும் சுமையானது.

தகுந்த பிணை இல்லாத கடன்களை அவர் நிறுத்தினார். பழைய நிலுவைகளை வசூலிக்க நடவடிக்கை எடுத்தார். சில ஆண்டுகளில் வங்கி மீண்டும் காலூன்றியது. அதேவேளை, அவருக்குப் பகைவர்களும் பெருகினர்.

கடன் வாங்குபவர்களே மேற்பார்வையாளர்கள்

வங்கியின் அமைப்பிலேயே ஓர் அடிப்படைக் கோளாறு இருந்தது. தலைமை இயக்குநரை அரசு நியமித்தது. ஆனால் வங்கியின் பொதுக்குழுவில் உள்ளூராட்சி மன்றங்கள், வணிகச் சபைகள் போன்றவற்றின் பிரதிநிதிகள் அமர்ந்திருந்தனர். சமூகத்தின் பல தரப்பினரும் வங்கியைக் கண்காணிக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம். நடைமுறையில், தேர்தலில் ஆதரவாளர்களுக்குச் சலுகை காட்ட வேண்டிய அரசியல்வாதிகளும், வங்கிக் கடனை நம்பித் தொழில் செய்த வணிகர்களும் அங்கே இடம்பிடித்தனர். கடன் கேட்பவரும், கடன் கொடுப்பதை மேற்பார்வை செய்பவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். பலிட்சோலோவும் அந்தப் பொதுக்குழுவில் ஒருவர்.

1882இல் நோத்தர்பார்த்தொலோ தனது நிலங்களைப் பார்வையிடச் சென்றபோது கொள்ளையரால் கடத்தப்பட்டார். 50,000 லீராவுக்கும் அதிகமான பணம் கொடுத்த பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார். அதன் பிறகு அவர் வெளியூர் செல்லும்போது துப்பாக்கியுடன் பயணம் செய்வது வழக்கமாயிற்று.

1880களின் இறுதியில் பொதுக்குழுவுடனான மோதல் முற்றியது. வங்கியின் நிர்வாகத்தில் காணப்படும் குறைகளையும், பொதுக்குழுவை மாற்றியமைக்க வேண்டிய தேவையையும் விளக்கி, 1889இல் அவர் அமைச்சர் லுயிஜி மிச்செலிக்கு இரகசியக் கடிதங்களை அனுப்பினார். அந்தக் கடிதங்கள் ரோம் நகரில் இருந்த அமைச்சகத்திலிருந்தே திருடப்பட்டு, பலேர்மோவில் அவர் யாரைப் பற்றி எழுதியிருந்தாரோ அவர்களின் கைகளையே சென்றடைந்தன.

கண்காணிக்கும் அமைப்புக்கு அந்தரங்கமாகச் சொல்லப்பட்ட தகவல் கண்காணிக்கப்படுபவருக்குக் கசிவது, இன்றைய நிதிச் சந்தைகளிலும் மிகக் கடுமையான குற்றமாகக் கருதப்படுகிறது. அன்று அது ஓர் அரசியல் சலசலப்பாக மட்டுமே முடிந்தது. தலைமை அமைச்சர் பிரான்செஸ்கோ கிறிஸ்பியின் அரசு 1890இல் பொதுக்குழுவைக் கலைத்தது. அத்துடன் தலைமை இயக்குநரையும் பதவியிலிருந்து நீக்கியது. முறையிட்டவரையும் முறையிடப்பட்டவர்களையும் அரசு ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது.

வைப்பாளர் பணத்தில் பங்கு வர்த்தகம்

நோத்தர்பார்த்தொலோ வெளியேறிய பின், வங்கியின் பணம் பங்குச் சந்தைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்தப்பட்டது. குறிப்பாக, இத்தாலியின் மிகப் பெரிய கப்பல் நிறுவனமான நவிகாட்சியோனே ஜெனராலே இத்தாலியானாவின் பங்குகளை வாங்க வங்கிப் பணம் மறைமுகமாகத் திருப்பிவிடப்பட்டது. பலேர்மோவின் ஃப்ளோரியோ குடும்பமும் ஜெனோவாவின் ருபாத்தினோ நிறுவனமும் 1881இல் இணைந்து உருவாக்கிய நிறுவனம் அது. அஞ்சல் கப்பல் சேவைக்காக அரசு வழங்கிவந்த மானியமே அதன் வருமானத்துக்கு முதுகெலும்பாக இருந்தது. மானிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய காலம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வேளையில் பங்கின் விலை சரியாமல் பார்த்துக்கொள்வதில் பலருக்கு நலன் இருந்தது.

இதில் மூன்று தரப்புகள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. மானியம் வழங்குவது அரசு. அதைப் பெறுவது தனியார் நிறுவனம். அந்த நிறுவனத்தின் பங்கு விலையைத் தாங்கிப் பிடித்தது, பொது வங்கியின் பணம். மானியத்துக்கு வாக்களிக்கக்கூடிய நாடாளுமன்ற உறுப்பினர்களில் சிலர் அதே வங்கியின் நிர்வாகத்துக்கு நெருக்கமானவர்கள். இலாபம் வந்தால் தனியாருக்கு. இழப்பு வந்தால் வங்கிக்கு என்ற நிலை உருவாகியிருந்தது.

சட்டமும் இதைத் தடுக்கும் நிலையில் இருக்கவில்லை. கூட்டுப் பங்கு நிறுவனங்களைத் தொடங்குவதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதியை இத்தாலியின் 1882ஆம் ஆண்டு வணிகச் சட்டம் நீக்கியிருந்தது. நிறுவனங்கள் தம் கணக்கை வெளிப்படையாக வைத்தால் போதும், பங்குதாரர்கள் தாமே விழிப்பாக இருப்பார்கள் என்பது அந்தச் சட்டத்தின் நம்பிக்கை. உள்தகவலைப் பயன்படுத்திப் பங்கு வாங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் இத்தாலியில் 1991இல்தான் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ரோம் வங்கி ஊழலும் ரயில் கொலையும்

இதே ஆண்டுகளில் தலைநகரில் இன்னும் பெரிய ஊழல் ஒன்று மறைக்கப்பட்டு வந்தது. நாணயத்தாள் வெளியிடும் ஆறு வங்கிகளில் ஒன்றான ரோம் வங்கியை, ஜாக்கோமோ அல்வீசி என்ற மேலவை உறுப்பினரும் குஸ்தாவோ பியாஜீனி என்ற கருவூல அதிகாரியும் 1889இல் ஆய்வு செய்து, கடுமையான முறைகேடுகளைக் கண்டறிந்தனர். அறிக்கை வெளியானால் நாட்டின் நாணயத்தின் மீதான நம்பிக்கை குலையும் என்ற காரணம் கூறப்பட்டு அது மூடி வைக்கப்பட்டது. வங்கியின் ஆளுநர் பெர்னார்தோ தன்லோங்கோவை 1892இல் மேலவை உறுப்பினராக்கவும் அரசு முன்மொழிந்தது.

அல்வீசி இறந்த பின், அறிக்கையின் பிரதி நெப்போலியோனே கொலயான்னி என்ற சிசிலி நாடாளுமன்ற உறுப்பினரின் கைக்கு வந்தது. 1892 டிசம்பர் 20ஆம் தேதி அவர் அதனை நாடாளுமன்றத்தில் வெளிப்படுத்தினார். தொடர்ந்து நடந்த விசாரணையில், சுமார் 6 கோடி லீரா வரை மட்டுமே தாள் வெளியிட அனுமதி பெற்ற வங்கி, 11 கோடியே 30 லட்சம் லீரா வரை புழக்கத்தில் விட்டிருந்தது தெரியவந்தது. அதில் சுமார் 4 கோடி லீரா, ஒரே வரிசை எண்ணை இருமுறை அச்சிட்டு உருவாக்கப்பட்ட தாள்கள். தன்லோங்கோ 1893 ஜனவரியில் கைது செய்யப்பட்டார்.

நாணயத்தாள் வெளியிடும் எல்லா வங்கிகளையும் ஆய்வு செய்ய, காஸ்பரே ஃபினாலி தலைமையில் ஆணையம் ஒன்று 1892 டிசம்பர் இறுதியில் அமைக்கப்பட்டது. சிசிலி வங்கியின் கணக்குகளும் திறக்கப்படவிருந்தன. அந்தக் கணக்குகளை மற்றெவரையும் விட நன்கு அறிந்தவர் நோத்தர்பார்த்தொலோ. அவர் மீண்டும் பதவிக்கு வரக்கூடும் என்றும் பேசப்பட்டது. அந்த நிலையில்தான், ஷாரா என்ற ஊருக்கு அருகில் இருந்த தனது பண்ணையிலிருந்து ரயிலில் வீடு திரும்பியபோது அவர் கொல்லப்பட்டார்.

பதினோரு ஆண்டுகள் நீண்ட வழக்கு

பலிட்சோலோவே கொலையைத் தூண்டியவர் என்ற சந்தேகம் தொடக்கத்திலேயே பலேர்மோவில் பரவலாக இருந்தது. ஆனால் விசாரணை ஆறு ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. ஆதாரங்கள் தொலைந்தன; சாட்சிகள் வாய் திறக்கவில்லை.

வழக்கைக் கைவிடாமல் நடத்தியவர், கொல்லப்பட்டவரின் மகனும் கடற்படை அதிகாரியுமான லியோபோல்தோ. பலேர்மோவில் நியாயமான விசாரணை நடக்காது என்ற அச்சத்தில் வழக்கு மிலான் நகருக்கு மாற்றப்பட்டது. 1899 நவம்பரில் அங்கு குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் இரு ரயில்வே ஊழியர்கள் மட்டுமே. ஆனால் சாட்சியம் அளித்த லியோபோல்தோ, நாடாளுமன்ற உறுப்பினர் பலிட்சோலோவின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார். வங்கி விவகாரம் நாடு முழுவதும் நாளேடுகளில் பேசப்பட்டது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் பலிட்சோலோவின் சட்டப் பாதுகாப்பை விலக்கியது. அவர் கைது செய்யப்பட்டார்.

பொலோஞா நகரில் நடந்த இரண்டாவது விசாரணையின் முடிவில், 1902 ஜூலையில் பலிட்சோலோவுக்கும், வில்லாபாத்தே என்ற ஊரைச் சேர்ந்த ஜுசெப்பே ஃபொந்தானாவுக்கும் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிசிலியில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. வடக்கு இத்தாலி தமது தீவையே குற்றவாளியாக்குகிறது என்ற முழக்கத்துடன், சிசிலிக்காக என்ற பெயரில் ஓர் அமைப்பும் தோன்றியது. வங்கிப் பணம் எங்கே போனது என்ற கேள்வி, பிராந்தியத் தன்மானம் பற்றிய கேள்வியாக உருமாறியது.

விசாரணை நடைமுறையில் காணப்பட்ட குறையைக் காட்டி உயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. புளோரன்ஸ் நகரில் மூன்றாவது விசாரணை நடந்தது. அதன்போது முக்கிய சாட்சி ஒருவர் தூக்கில் தொங்கிய நிலையில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். 1904 ஜூலையில், போதிய ஆதாரம் இல்லை என்று பலிட்சோலோவும் ஃபொந்தானாவும் விடுதலை செய்யப்பட்டனர். பலேர்மோ திரும்பிய பலிட்சோலோவுக்குப் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. நோத்தர்பார்த்தொலோவைக் கொன்றதற்காக இறுதிவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

ரோம் வங்கியின் தன்லோங்கோவும் 1894இல் விடுதலையானார். லியோபோல்தோ தன் தந்தையின் வாழ்க்கையை நூலாக எழுதினார். அது, அவரும் இறந்த பின், 1949இல்தான் வெளிவந்தது.

சட்டம் கற்ற பாடம்

எனினும், இந்த நெருக்கடி இத்தாலியின் நிதி அமைப்பை மாற்றியது. 1893 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட சட்டத்தின் மூலம் இத்தாலி வங்கி உருவானது. மூன்று தனியார் வெளியீட்டு வங்கிகள் அதில் இணைந்தன. ரோம் வங்கி கலைக்கப்பட்டது. நேப்பிள்ஸ், சிசிலி வங்கிகள் 1926 வரை நாணயத்தாள் வெளியிடும் உரிமையைத் தக்கவைத்திருந்தன. அந்த ஆண்டில்தான் ஏனைய வங்கிகளைக் கண்காணிக்கும் அதிகாரமும் இத்தாலி வங்கிக்குக் கிடைத்தது. பங்குச் சந்தைக்கான தனி ஆணையம் 1974இல் அமைக்கப்பட்டது.

சட்டங்கள் பெருகிய பின்னரும் பழைய ஆபத்து நீங்கவில்லை. சிசிலியில் பிறந்த நிதியாளர் மிக்கேலே சிந்தோனாவின் வங்கி 1974இல் வீழ்ந்தது. அதன் கணக்குகளைத் துருவி ஆராய்ந்த வழக்கறிஞர் ஜொர்ஜோ அம்புரோசோலி, 1979 ஜூலையில் மிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு மார்ச்சில் இத்தாலி வங்கியின் ஆளுநர் பாவ்லோ பாஃபி மீதும், கண்காணிப்புக்குப் பொறுப்பான மாரியோ சர்சினெல்லி மீதும் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. சர்சினெல்லி சிறையிலும் அடைக்கப்பட்டார். 1981இல் இருவர் மீதும் எக்குற்றமும் இல்லை என்று முடிவானது.

1992இல் மாஃபியாவால் கொல்லப்பட்ட நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனே, வங்கிக் கணக்குகளில் பணம் சென்ற வழியைத் தொடர்ந்தே மாஃபியாவின் வலைப்பின்னலை வெளிக்கொணர்ந்தவர். பலேர்மோவில் அவர் வசித்த வீதியின் பெயர் எமானுவேலே நோத்தர்பார்த்தொலோ வீதி என்பது தற்செயலே. ஆயினும் அந்த நகரத்தார் இதனை மறப்பதில்லை.

தமிழர் அறிந்த வீழ்ச்சிகள்

பலேர்மோவில் இன்று இலங்கையிலிருந்து சென்ற தமிழர்கள் கணிசமான எண்ணிக்கையில் வாழ்கின்றனர். நோத்தர்பார்த்தொலோ என்ற பெயரை அவர்கள் வீதிப் பலகையிலும் ரயில் நிலையத்திலும் காண்கின்றனர். அவரது கதை எழுப்பும் கேள்விகள் தமிழர் வாழும் மற்ற நிலங்களுக்கும் புதியவை அல்ல.

1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தபோது, ஆங்கிலேய வணிகரின் கௌரவத்தை நம்பிப் பணம் போட்ட தென்னிந்தியக் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அதன் எதிர்வினையாகவே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 2008 இறுதியில் இலங்கையில் கோல்டன் கீ கடன் அட்டை நிறுவனம் சரிந்தபோது, மத்திய வங்கியின் உரிமம் இன்றியே அது மக்களிடம் வைப்புப் பணம் திரட்டிவந்தது பேசுபொருளானது. இரண்டு இடங்களிலும் நிறுவனத்தின் பெயரும் புகழும் கண்காணிப்புக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தன.

நிதிச் சந்தையில் அரசு தலையிட வேண்டுமா, தனியாரை அவர்கள் போக்கில் விட வேண்டுமா என்று வாதம் நடக்கும்போது, இரண்டும் தனித்தனியானவை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பலேர்மோவில் அந்தக் கோடு அழிந்திருந்தது. வங்கி பொதுச் சொத்து. ஆய்வு செய்ய அமைச்சகம் இருந்தது. வரம்பு விதிக்கும் சட்டமும் இருந்தது. ரோம் வங்கி விவகாரத்தில் ஆய்வறிக்கையே தயாராக இருந்தது. இல்லாதிருந்தது, அறிக்கையின்படி செயல்பட வேண்டிய கட்டாயமும், உண்மையைச் சொன்ன அதிகாரிக்குப் பாதுகாப்பும்தான்.

நோத்தர்பார்த்தொலோ 14 ஆண்டுகள் அந்த வெற்றிடத்தைத் தன் பிடிவாதத்தால் நிரப்பினார். அவர் அகற்றப்பட்டதும் வங்கி சில ஆண்டுகளிலேயே பழைய நிலைக்குத் திரும்பியது. ஓர் அதிகாரி நேர்மையானவரா என்பதைக் காட்டிலும், அவர் விலகிய மறுநாளும் கணக்குகள் அதே கண்டிப்புடன் சரிபார்க்கப்படுமா என்பதே வைப்பாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி என்பதை அவரது வாழ்வும் சாவும் உணர்த்துகின்றன.